கண் வழியே வரும் பேச்சு

1980ஆம் ஆண்டு வாக்கில், இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரிலிருந்த உளவியலாளர் சூ பக்லிக்கு லெஸ்லி டஃபன் என்ற தந்தை கடிதம் எழுதினார். அவருடைய மகள் சாராவுக்கு டவுன் சிண்ட்ரோம். மூன்று வயதிலிருந்தே அட்டையில் சொற்களை எழுதிக் காட்டி அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார் டஃபன். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் காதால் கேட்டுக் கற்பதைவிடக் கண்ணால் பார்த்துக் கற்பது எளிது என்பது அவர் கண்டறிந்தது. இந்தக் குழந்தைகளால் படிக்கவே முடியாது என்று பலரும் நம்பிய காலம் அது. பக்லி அதை ஆய்வாகவே எடுத்துக்கொண்டார். பின்னர் போர்ட்ஸ்மத்தில் எழுந்த மையத்துக்குச் சாரா டஃபனின் பெயரையே வைத்தார்கள்.

அந்தத் தகப்பனார் சொன்னதற்குக் காரணம் உண்டு. 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் இந்நிலையில் உதடு, நாக்குத் தசைகள் தளர்ந்திருக்கும்; வாயின் உள்ளிடமும் குறுகல். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வதால், பலருக்குச் சளி பிடித்த காதுபோல எல்லாமே மந்தமாகக் கேட்கும். கேட்டது மனதில் நிற்கும் நேரமும் குறைவு. "செருப்பைப் போட்டுட்டு, பையை எடுத்துட்டு வா" என்றால் பாதி நழுவிவிடும். கண்ணால் பார்த்தது அப்படி நழுவுவதில்லை.

அதனால் பேச்சுப் பயிற்சிக்கு முன் காதைச் சோதிக்க வேண்டும். ஒருமுறை பார்த்தால் போதாது, அவ்வப்போது பார்க்க வேண்டும்.

"கொஞ்சம் பொறுங்க, தானா பேசிடும்" என்ற ஆறுதலால்தான் பெரிய இழப்பு. முதல் சொல் வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. பாயில் எதிரெதிரே உட்கார்ந்து பந்தை உருட்டி, "உன் முறை, என் முறை" என்று மாறி மாறி விளையாடுவதே பேச்சுப் பயிற்சியின் தொடக்கம். அடுத்து கைச்சைகை: "இன்னும்", "போதும்", "தா". கையைக் காட்டிப் பழகினால் வாய் திறக்காது என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். சைகை பேச்சைத் தடுப்பதில்லை. பேச்சு வரும்வரை குழந்தையின் தவிப்பைக் குறைக்கிறது. சொல் வாய்க்கு வந்ததும் சைகை பெரும்பாலும் தானாக விலகிவிடும்.

இக்குழந்தைகள் பேசுவதைவிட அதிகம் புரிந்துகொள்கிறார்கள். சொற்களைவிட இலக்கணம்தான் அவர்களுக்குக் கடினம். "வீட்டுக்குப் போறேன்" என்பது "வீடு போ" என்று சுருங்கிவிடலாம். அட்டையில் "வீட்டுக்கு" என்று எழுதிக் காட்டும்போது, காதில் விழாமல் போன அந்த "க்கு" கண்ணில் படுகிறது. டஃபன் கடிதத்தின் பயன் தமிழ்க் குழந்தைக்கும் இங்கேதான் கிடைக்கிறது.

இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் இருக்கிறது. அதன்கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இலவசமாகவே உதவி கேட்கலாம்.

வாரத்தில் சில மணி நேரம் நிபுணரிடம். மீதி நேரமெல்லாம் வீட்டில்தான். "என்ன வேணும்?" என்று கேட்டதும் பாட்டியோ அக்காவோ முந்திக்கொண்டு, "அவனுக்குத் தோசை வேணுமாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அன்பில் செய்வதுதான். ஆனால் கேட்டதைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, நாக்கைத் திருப்ப அந்தக் குழந்தைக்கு நேரம் பிடிக்கும். கேட்டவர் முகத்தைப் பார்த்தபடி, மனதுக்குள் ஐந்துவரை எண்ணிக் காத்திருந்தால், "தோ" என்றாவது அவனே சொல்வான்.