வெற்றிலைச் சுண்ணாம்பு: பிள்ளைகளின் கண்களைக் காப்போம்

வெற்றிலை போடுவோர் வீட்டில் சுண்ணாம்புப் பொட்டலமோ டியூபோ இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு அது விளையாட்டுப் பொருளாகத் தெரியலாம். அதை அழுத்தும்போது சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால், பார்வையே பறிபோகக்கூடும்.

சுண்ணாம்பு என்பது என்ன?

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதில் நீர் ஊற்றினால், கொதித்து நீற்றிய சுண்ணாம்பாகும். நாம் வெற்றிலையில் தடவுவது இதைத்தான். இதன் வேதியியல் பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு.

இது கடுமையான காரம். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் ஆரத்தி சிவப்பது இந்தக் காரத்தன்மையால்தான்.

கண்ணை எப்படிப் பாதிக்கிறது?

காரம், கண்ணின் உயிரணுக்களில் உள்ள கொழுப்பைச் சிதைத்து ஆழமாக ஊடுருவும். மேலும், சுண்ணாம்பு நீரில் எளிதில் கரையாது. அதன் துகள்கள் இமைக்குள் ஒட்டிக்கொண்டு, காரத்தைத் தொடர்ந்து வெளியிடும். ஆகவே, வலி குறைந்தாலும் காயம் தொடரலாம்.

உடனே செய்ய வேண்டியவை

• இமைகளை விரித்துப் பிடித்து, குழாய் நீரால் மெதுவாகக் கழுவுங்கள். குறைந்தது 30 நிமிடம் விடாமல் கழுவுங்கள்.
• பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். கழுவும் நீர் மற்றக் கண்ணில் படக்கூடாது.
• கழுவிக்கொண்டிருக்கும்போதே, வேறொருவரை 995 எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள்.
• கண் சரியானதுபோல் தோன்றினாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். இமைக்குள் தங்கிய துகள்களை மருத்துவர் அகற்ற வேண்டும்.

“தண்ணீர் பட்டால் கொதிக்குமே” என்று தயங்காதீர்கள். பசையாக விற்கப்படும் சுண்ணாம்பு ஏற்கெனவே நீர் சேர்ந்தது. அது மீண்டும் கொதிக்காது.

செய்யக் கூடாதவை

• கண்ணைத் தேய்க்காதீர்கள்.
• காரத்தை முறிக்கும் என்று எண்ணி எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றாதீர்கள். கண்ணுக்கு மேலும் தீங்கு நேரும்.
• தாய்ப்பால், விளக்கெண்ணெய், நெய் ஆகியவற்றை இடாதீர்கள். நேரம்தான் வீணாகும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

சுண்ணாம்பை இறுக மூடிய டப்பாவில் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரியில் பூட்டி வையுங்கள். பூசைத் தட்டிலோ வெற்றிலைப் பெட்டியிலோ திறந்து வைக்காதீர்கள். தீர்ந்த பொட்டலங்களையும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். தாத்தா, பாட்டி, பணிப்பெண் என வீட்டிலுள்ள அனைவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். விபத்து நேரும்போது அருகில் இருப்பவர் முதல் நிமிடத்திலேயே கழுவத் தொடங்கினால், பிள்ளையின் பார்வையைக் காக்க முடியும்.