புரையேறாத ஆபத்து

ஊத்துக்குளிப் பக்கம் ஒருவருக்கு வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டால், 108 வண்டி வருவதற்குள் தண்ணீரோ காபியோ வாயில் ஊற்றிவிடுகிறார்கள். திருப்பூருக்கோ பெருந்துறைக்கோ வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது என்ற பரிவுதான் காரணம். ஆனால் பக்கவாதம் தொண்டைத் தசைகளையும் பிடிக்கும். விழுங்கும் நொடியில் மூச்சுக்குழாயை அடைக்கவேண்டிய குரல்வளை பிந்தினால், ஊற்றியது நுரையீரலில் இறங்கிவிடும். ஆகவே விழுங்கும் திறனைச் சோதிக்கும் வரை தண்ணீர், சாப்பாடு, மாத்திரை எதையுமே வாய்வழி கொடுக்கக் கூடாது.

இருமல் வராவிட்டால் போதுமா?

"புரையே ஏறலையே, நல்லாத்தானே குடிக்கிறார்" என்பார்கள். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சியில் தட்டுவது நம் வழக்கம். உண்மையில் அந்த இருமல் உடம்பு வைத்திருக்கும் காவல். தொண்டையில் உணர்ச்சி மங்கியவருக்கு அந்தக் காவலும் இல்லை. உணவு சத்தமில்லாமல் தடம் மாறிப் போகும். 2005-ல் ஆராய்ச்சியாளர் ரோஸ்மேரி மார்ட்டினோ குழுவினர் பக்கவாத நோயாளிகள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மேலோட்டமான சோதனையில் 37 முதல் 45 சதவீதம் பேரிடம் தெரிந்த விழுங்கல் கோளாறு, கருவிகொண்டு பார்த்தபோது 64 முதல் 78 சதவீதமாக இருந்தது. கண்ணுக்குத் தப்பியவர்கள் அத்தனை பேர். கோளாறு உள்ளவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. உணவு மூச்சுக்குழாய்க்குள் போவது உறுதியானவர்களுக்கு 11 மடங்குக்கும் மேல்.

கரண்டியளவில் ஒரு சோதனை

விழுங்கல் சிகிச்சையாளர் இல்லாத சின்ன ஆஸ்பத்திரியில் விழுங்கும் திறனைச் சோதிக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும். ஆஸ்திரியாவில் உருவாகி 2007-ல் வெளியான 'கஸ்' சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். நோயாளி விழித்திருக்கிறாரா, தானாக இருமுகிறாரா, எச்சிலை விழுங்குகிறாரா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு கூழ் பதத்தில் கொஞ்சம், அதன்பின் தண்ணீர், கடைசியில் திட உணவு. தண்ணீர்தான் பாதுகாப்பு என்ற நம் எண்ணத்துக்கு இது நேர்மாறு. நீர்த்தது வேகமாக ஓடும், மந்தமான தொண்டையால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளியில் மோர் கொடுக்கத்தான் கை நீளும். இந்த நிலையில் கெட்டித்தயிரைவிட நீர்மோர் ஆபத்து. ஆஸ்திரேலியாவின் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த, 2011-ல் வெளியான ஆய்வில், காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல் மூன்றையும் கவனிக்கச் செவிலியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். 90 நாளில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து நின்றவர்களும் சேர்ந்து 42 சதவீதம். பயிற்சி இல்லாத இடங்களில் 58.

பட்டினி போடுவதா?

வாய்வழி வேண்டாம் என்றால் பட்டினி என்று பொருளில்லை. உடனே சோதித்து, தேறாவிட்டால் டிரிப்ஸ், பிறகு மூக்குவழிக் குழாய். குழாய் போட்டாலே முடிந்தது கதை என்ற பயம் வீண். பெரும்பாலோருக்கு அது சில வாரத் துணைதான். 1997-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், சேர்க்கும்போது 51 சதவீதம் பேருக்கு இருந்த, உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து ஏழே நாளில் 27 சதவீதமாக இறங்கியது. அதனால் ஒரு முறை சோதித்ததோடு விடாமல், மறுபடி மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குழாய் இருந்தாலும் பல்லையும் நாக்கையும் தினமும் சுத்தம் செய்யவேண்டும். அழுக்கு எச்சில் இறங்கினாலும் நிமோனியா வரும். வாய்வழி ஊட்டத் தொடங்கியபின் நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள், முடித்தபின்னும் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். சாப்பிட்டதும் குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளத்தால், அடுத்த கரண்டியை நிறுத்திவிட்டு டாக்டரை அழையுங்கள்.