வீட்டில் உலக வரலாறு: கோரேஸும் சைரஸும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் எஸ்றாவின் முதல் அதிகாரம் வாசித்தோம். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, “தாத்தா, இந்தக் கோரேஸ் ராஜா யாரு?” என்று கேட்டாள். “பெர்சிய மன்னர் சைரஸ் என்று கேள்விப்பட்டதில்லையா? அவர்தான்” என்றேன். “அப்போ இவர் நிஜமாவே இருந்தாரா?” என்றாள்.

அந்தக் கேள்வி என்னை யோசிக்க வைத்தது. பள்ளியில் படிப்பது வரலாறு, ஆலயத்தில் கேட்பது கதை என்று குழந்தை தானாகவே இரண்டு அலமாரிகளில் பிரித்து வைத்திருக்கிறாள். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவு இன்னும் பெரிது. பள்ளியில் ஆங்கிலப் பெயர், வீட்டில் தமிழ் வேதாகமப் பெயர். அகுஸ்துராயன்தான் அகஸ்டஸ், தரியுதான் டேரியஸ் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? அன்று முதல் ஞாயிறு மாலைகளில் அரைமணி நேரம் வீட்டிலேயே உலக வரலாறு நடத்துகிறோம். எப்படி என்று சங்க நண்பர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். பிற சமயத்து அன்பர்களும் தங்கள் நூல்களைக் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.

சுவரில் ஒரு பாதை

ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் இருந்தவன் நான். எந்தப் பாலம், எந்த வளைவு என்றாலும் எத்தனையாவது கிலோமீட்டர் என்று முதலில் கேட்டே பழக்கம். வரலாற்றுக்கும் அப்படி ஒரு பாதை போட்டேன். சார்ட் காகிதங்களை நீளவாக்கில் ஒட்டி, 10 ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டு, கி.மு. 2000 முதல் கி.பி. 2100 வரை கோடு இழுத்தேன். நீளம் 4 மீட்டர் 10 சென்டிமீட்டர். கடைசிச் சில சென்டிமீட்டர்கள் பேத்தி வாழப்போகும் காலம்; அவை காலியாக இருக்கின்றன. நம் பாதைகளில் சைபர் கிலோமீட்டர் உண்டு. ஆண்டுக் கணக்கில் சைபர் கிடையாது, கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வேதாகமச் செய்தி நீல மையில், மற்ற உலகச் செய்தி கறுப்பில், இந்தியா பச்சையில். காலம் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் மையால் எழுதுவோம். ஆபிரகாமின் காலம் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவர் பென்சிலில் இருக்கிறார். ஒவ்வொரு பெயரையும் தமிழில் பேத்தியேதான் எழுத வேண்டும். அதில் அவளுக்குத் தமிழ் எழுத்துப் பயிற்சியும் கிடைக்கிறது.

சான்றின் அளவு

கோரேஸ் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539. அவர் பெயரால் எழுதப்பட்ட களிமண் உருளை ஒன்று 1879-இல் பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்தது. இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட மக்களை அவரவர் இடத்துக்குத் திருப்பி அனுப்பியதாக அது சொல்கிறது. எஸ்றா சொல்வதோடு இது பொருந்துகிறது. ஆனால் உருளையில் யூதர் பெயரோ எருசலேமோ இல்லை. அதையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தேன். சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவு பாரத்தைத்தான் அதன்மேல் ஏற்ற வேண்டும்.

பொந்தியு பிலாத்துவின் பெயரும் பதவியும் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது. அதைக் கேட்டு மகிழ்ந்தவளிடமே, ஏரோது ராஜா கி.மு. 4-இல் இறந்ததாகப் பெரும்பாலோர் கணிப்பதையும் சொன்னேன். அப்படியானால் இயேசு பிறந்தது அதற்கும் முன்பு. 525-இல் டயோனிசியஸ் என்ற துறவி போட்ட ஆண்டுக் கணக்கு சில ஆண்டுகள் பிசகியிருக்கிறது. கணக்குப் பிசகினால் பிறப்பு பொய்யாகிவிடாது.

நம் பக்கத்துப் பிழைகள்

கடினமான பகுதி இதுதான். 1099-இல் சிலுவைப் போர் வீரர்கள் எருசலேமைப் பிடித்தபோது அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் பெருந்திரளாகக் கொன்றார்கள். “இதெல்லாம் சின்னப் பிள்ளைக்கு எதற்கு, மாமா?” என்றாள் மருமகள். எனக்கும் தயக்கம்தான். ஆனால் நாம் மறைத்ததை வெளியில் யாரோ சொல்லும்போது, பிள்ளை நம்மை மட்டுமல்ல, நாம் சொன்ன அத்தனையையும் சந்தேகிக்கும்.

அதைவிட எனக்கே வலித்த செய்தி ஒன்று உண்டு. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் என் தாத்தா எழுதப் படிக்கக் கற்றது எஸ்.பி.ஜி. சங்கத்துப் பள்ளியில். கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் ஊழியம் செய்ததும் அந்தச் சங்கத்தின் சார்பில்தான். அதே சங்கத்துக்கு, 1710-இல் இறந்த காட்ரிங்டன் என்பவரின் உயில்வழியாக, பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டங்கள் வந்தன. கல்லூரி நடத்துவதற்காக எழுதி வைத்த அந்தச் சொத்தில் நூற்றுக்கணக்கான அடிமைகளும் அடக்கம். ஒரு காலத்தில் சங்கத்தின் பெயரையே பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவர்கள் உடம்பில் சூடு போட்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபை 2006-இல் இதைக் குறிப்பிட்டு மன்னிப்புக் கேட்டது.

அடிமை வியாபாரத்தை எதிர்த்து உழைத்த கிளார்க்சனும் வில்பர்ஃபோர்ஸும்கூட வேதத்தை வாசித்த கிறிஸ்தவர்களே. 1807-இல் பிரிட்டிஷ் பேரரசில் வியாபாரம் தடைசெய்யப்பட்டது. அடிமை ஒழிப்புச் சட்டம் 1833-இல் நிறைவேறி 1834-இல் நடைமுறைக்கு வந்தது. ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் நீடித்த கட்டாய வேலையும் 1838-இல் முடிந்தது. ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு ஒரு சாரார் சூடு போட்டார்கள், ஒரு சாரார் விலங்கை உடைத்தார்கள். இதைப் பிள்ளைக்கு விளக்க நான் தாவீதிடம்தான் போனேன். உரியாவைக் கொல்லுவித்த பாவத்தை வேதாகமம் மறைக்கவில்லை. நாத்தான் தீர்க்கதரிசி ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறது. கிறிஸ்தவப் பார்வையில் வரலாறு படிப்பது என்றால், என் சிற்றறிவுக்கு, இதுதான்: ராஜாவானாலும் திருச்சபையானாலும் ஒரே அளவுகோல்.

தொடங்க விரும்புவோர் முதலில் தங்கள் குடும்பத்தையே கோட்டில் குறியுங்கள். தாத்தா பிறந்தது, ஊரை விட்டு வந்தது, பிள்ளை பிறந்தது. பிறகு பின்னோக்கிப் போகலாம். விடை தெரியாத கேள்வி வந்தால், “தேடிப் பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். அடுத்த ஞாயிறு மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கால்டுவெல் ஐயர் சென்னையில் கரையிறங்கியதும் 1838-இல்தான். அதைப் பச்சை மையில் எழுதப் போன பேத்தி நின்றுவிட்டாள்.

“தாத்தா, அடிமைங்க விடுதலையும் இதே இடத்துலதான் வருது. எதை எழுத?”

“இரண்டையும் எழுதம்மா” என்றேன். எழுத்தைப் பொடியாக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டையும் எழுதிவிட்டாள்.