ஒரே பெயரில் இரண்டு செயற்கூறுகள்: கணினி எதை அழைக்கும்?

மாணவர்களே, "நான் செர்டாங்கில் இருக்கிறேன்" என்று கோலாலம்பூரில் உள்ள உறவினரிடம் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அவர் சிலாங்கூரில், புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் இருக்கும் செர்டாங்கைத்தான் நினைப்பார். நம் செர்டாங்கோ கெடாவின் தென்பகுதியில், பண்டார் பாரு மாவட்டத்தில் இருக்கிறது. அதனால்தான் முகவரியில் 09800 என்ற அஞ்சல் குறியீட்டையும் கெடா என்ற மாநிலப் பெயரையும் சேர்த்து எழுதுகிறோம். வகுப்பில் இரண்டு குமார் இருந்தால் ஆசிரியர் தந்தை பெயரையும் சேர்த்து அழைப்பதும் இதற்காகத்தான்.

கணினி நிரல் எழுதும்போதும் இதே குழப்பம் வரும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உறவினர் "எந்த செர்டாங்?" என்று திருப்பிக் கேட்பார். பைத்தான் கேட்காது. தனக்குக் கடைசியாகச் சொல்லப்பட்டதை எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடும்.

(கீழே வரும் கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்துள்ளோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.)

சத்தமில்லாமல் வரும் பிழை

பைத்தான் மொழியில் 'பவ்' என்ற செயற்கூறு உண்டு. ஓர் எண்ணின் அடுக்கைக் கணக்கிட்டுத் தருவது அதன் வேலை. பவ்(3, 40) என்று கொடுத்தால், 3ஐ நாற்பது முறை பெருக்கி 12157665459056928801 என்ற விடையைத் தரும். இது ஒற்றைப்படை எண். அப்படித்தான் இருக்க வேண்டும். 3ஐ எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றைப்படை எண்தானே வரும்?

இப்போது நிரலின் முதல் வரியாக 'ஃப்ரம் மேத் இம்போர்ட் *' என்று சேர்த்துவிட்டு, அதே கணக்கை மீண்டும் கொடுங்கள். 1.2157665459056929e+19 என்று வரும். இதை முழு எண்ணாக மாற்றிப் பார்த்தால் 12157665459056928768 கிடைக்கும். இது இரட்டைப்படை எண்! "இந்த எண் இரண்டால் வகுபடுமா?" என்று உங்கள் நிரல் சோதித்தால், "வகுபடும்" என்ற தவறான பதிலே வரும்.

என்ன நடந்தது? மேத் என்ற நூலகத்திலும் 'பவ்' என்றே ஒரு செயற்கூறு இருக்கிறது. அது எல்லாவற்றையும் தசம எண்ணாக மாற்றிக் கணக்கிடும். தசம எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கங்கள் வரைதான் துல்லியம் நிற்கும். உடுக்குறி (*) போட்டதும் மேத் நூலகத்தில் உள்ள பெயர்கள் எல்லாம் உங்கள் நிரலுக்குள் வந்து இறங்கின. பழைய 'பவ்' இருந்த இடத்தில் புதிய 'பவ்' உட்கார்ந்துகொண்டது. இதற்குப் பிழைச் செய்தி எதுவும் வராது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

கடைசியாக வந்தவருக்கே இடம்

இரண்டு நூலகங்கள் தமக்குள் மோதுவதும் உண்டு. வர்க்கமூலம் காண மேத் நூலகத்தில் 'எஸ்க்யூஆர்டி' இருக்கிறது. கலப்பெண்களுக்கான சிமேத் நூலகத்திலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. -1இன் வர்க்கமூலத்தைக் கேட்டால், மேத் முடியாது என்று பிழை காட்டும். சிமேத் 1j என்ற கலப்பெண்ணைத் தரும். இரண்டையும் உடுக்குறி போட்டு இறக்குமதி செய்தால், எந்த வரி பின்னால் வருகிறதோ அந்த நூலகத்தின் செயற்கூறே வேலை செய்யும். இரண்டு வரிகளையும் இடம் மாற்றி எழுதினால் விடையும் மாறிவிடும்.

ஜாவா மொழியின் போக்கு வேறு. அதில் ஜாவா.ஏடபிள்யூடி என்ற தொகுப்பில் 'லிஸ்ட்' என்ற பெயர் முதலிலிருந்தே இருந்தது. 1998இல் வெளிவந்த ஜாவா 1.2 பதிப்பில் ஜாவா.யுடில் தொகுப்பிலும் 'லிஸ்ட்' சேர்ந்தது. இரண்டு தொகுப்புகளையும் உடுக்குறியோடு இறக்குமதி செய்து 'லிஸ்ட்' என்று எழுதியிருந்த பழைய நிரல்களை, புதிய பதிப்பு ஏற்க மறுத்தது. எழுதியவர் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. நூலகம் வளர்ந்ததால் சிக்கல் வந்தது. ஆனாலும் ஜாவா "இது எந்த லிஸ்ட் என்று தெரியவில்லை" என்று நிறுத்திச் சொன்னது. தவறான விடையைவிடப் பிழைச் செய்தி மேல் அல்லவா?

தீர்க்கும் வழிகள்

முதல் வழி, முழுப் பெயரால் அழைப்பது. 'இம்போர்ட் மேத்' என்று மட்டும் எழுதி, தேவைப்படும் இடத்தில் 'மேத்.பவ்' என்று அழையுங்கள். அப்போது வெறும் 'பவ்' பழையபடியே இருக்கும். ஒவ்வொரு நூலகமும் தன் பெயர்களைத் தனியே வைத்திருக்கும் இந்த இடத்தைப் 'பெயர்வெளி' என்பார்கள்.

இரண்டாவது வழி, மாற்றுப் பெயர் சூட்டுவது. 'ஃப்ரம் சிமேத் இம்போர்ட் எஸ்க்யூஆர்டி ஆஸ் கலப்புமூலம்' என்று எழுதலாம். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும். தமிழில் பெயர் வைத்தால் பிற நூலகங்களோடு மோதும் வாய்ப்பு மிகக் குறைவு!

மூன்றாவதாக, நீங்களே மோதலை உண்டாக்காதீர்கள். பயிற்சி நிரலை 'ரேண்டம்.பிஒய்' என்ற பெயரில் சேமித்துவிட்டு, அதற்குள் 'இம்போர்ட் ரேண்டம்' என்று எழுதினால், பைத்தான் தன் நூலகத்தை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். புதிதாகப் படிப்பவர்கள் பலர் இதில் தடுமாறுகிறார்கள்.

நூலகத்தின் பெயரே ஒன்றானால்?

தமிழுக்கு உதவும் பைத்தான் நூலகம் 'ஓப்பன் தமிழ்'. ஆங்கில எழுத்தில் அடித்த சொல்லைத் தமிழ் எழுத்துக்கு மாற்ற, அதில் 'டிரான்ஸ்லிட்டரேட்' என்ற பகுதி உண்டு. ரஷ்யம், கிரேக்கம் போன்ற மொழிகளுக்கு எழுத்து மாற்றம் செய்ய வேறொருவர் உருவாக்கிய நூலகத்தின் பெயரும் 'டிரான்ஸ்லிட்டரேட்' தான். இரண்டையும் ஒரே கணினியில் ஒரே இடத்தில் நிறுவினால், இரண்டும் ஒரே பெயருள்ள கோப்புறையில் போய் அமரும். பின்னால் நிறுவியது முன்னதன் தொடக்கக் கோப்பை அழித்து எழுதிவிடும்.

இங்கே மாற்றுப் பெயர் உதவாது. ஏனெனில் அழைப்பதற்கு முன்பே ஒன்று சிதைந்துவிட்டது. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தனிச்சூழலை உருவாக்கி, அதற்குத் தேவையான நூலகங்களை மட்டும் அதில் நிறுவுவதே தீர்வு. இதற்கான வசதி பைத்தானிலேயே இருக்கிறது.

இன்று மாலை நீங்கள் முன்பு எழுதிய நிரல் ஒன்றைத் திறந்து, உடுக்குறி போட்ட இறக்குமதி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்தச் செயற்கூறு எந்த நூலகத்திலிருந்து வருகிறது என்பதை முழுப் பெயரோடு எழுதிவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான். கடிதத்தில் கெடா என்று சேர்த்து எழுதுவதைப் போல, அந்த ஒரு சொல் உங்கள் கணக்கைச் சரியான ஊருக்குக் கொண்டு சேர்க்கும்.