உழுத மண்ணில் கிடைத்த பெயர்கள்

"பொம்மர்" என்ற சொல்லை எமது பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதன் இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடியவர்கள் நாம். குண்டுவீச்சு விமானத்தில் வந்து இறந்தவர்களுக்கு ஓர் ஊர் நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறது என்று கேள்விப்பட்டால், "எதற்கு?" என்றுதான் முதலில் கேட்போம். அது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, இடம்பெயர்ந்த எமக்கு வேண்டிய பாடமொன்றும் கிடைக்கிறது.

கடலில் விழுந்தவர்கள்

இரண்டாம் உலகப் போர் இலங்கையையும் விட்டுவைக்கவில்லை. வவுனியாவிலும் பலாலியிலும் உள்ள விமான ஓடுபாதைகள் அக்காலத்தில் பிரித்தானிய விமானப்படைக்காக அமைக்கப்பட்டவை. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. அன்று கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து புறப்பட்ட பிளென்ஹைம் ரகக் குண்டுவீச்சு விமானங்களில் 9 ஜப்பானியக் கப்பற்படையை எட்டித் தாக்கின. அவற்றில் 5 திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் மூவர் இருந்தார்கள்.

கடலில் விழுந்தவனுக்குக் கல்லறை ஏது? கிழக்காசியப் போரில் கல்லறை இல்லாமற் போன 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் சிங்கப்பூரில் கிராஞ்சி என்னுமிடத்தில் உள்ள நினைவுச் சுவர்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். உடல் கிடைக்காவிட்டாலும் பெயராவது கிடக்கட்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆனால் கடலே வயலாக மாறினால் என்ன நடக்கும்? அப்படி நடந்த நாடு ஒன்று உண்டு. அது நாம் அறிந்த நாடுதான்.

கடல் வயலான கதை

மன்னார்க் கோட்டையை 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த ஒல்லாந்தரின் நாட்டில், உள்நோக்கிப் புகுந்த பெரிய கடல் ஒன்று இருந்தது. அதன் வாயை அடைத்து 1932இல் நீண்ட அணை ஒன்றைக் கட்டி முடித்தார்கள். பின்னர் உள்ளே பகுதி பகுதியாக வரம்பு கட்டி, நீரை இறைத்து, கடலடியை நிலமாக்கினார்கள். 1942இல் 48,000 ஹெக்டேயரும், 1957இல் மேலும் 54,000 ஹெக்டேயரும் இவ்வாறு வெளிப்பட்டன. அங்கே எவருக்கும் பூர்வீகம் இல்லை. எல்லாரும் வந்து குடியேறியவர்களே.

வந்தவர்களுள் வால்கெரன் தீவின் கமக்காரர்களும் இருந்தார்கள். 1944 ஒக்ரோபரில், ஜேர்மன் படையை அத்தீவிலிருந்து விரட்டுவதற்காகப் பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்கள் கடலணைகளை உடைத்தன. வெஸ்ட்கப்பெல் என்ற ஒரே ஊரில் 150க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டார்கள். வயல்களுக்குள் உப்புநீர் புகுந்தது. உவர் ஏறிய மண் என்ன செய்யும் என்பதை எமது கரையோரக் கமக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்தத் தீவின் குடும்பங்கள் பல, சொந்தக் காணியை விட்டு இந்தப் புதுநிலத்தில் காணி பெற்றன.

கலப்பையில் சிக்கிய இரும்பு

அந்தக் கடலின் மேலாகத்தான் இங்கிலாந்திலிருந்து ஜேர்மனிக்குக் குண்டு சுமந்த விமானங்கள் இரவிரவாகப் பறந்திருந்தன. சுடப்பட்டவை பல அங்கேயே விழுந்தன. நீர் வற்றியதும், வாய்க்கால் வெட்டும்போதும் உழும்போதும் இறக்கையும் இயந்திரமும் வெளிவரத் தொடங்கின. சிலவற்றில் மனித எலும்புகளும் இருந்தன.

குடியேறியவர்கள் அவற்றைப் பழைய இரும்பாக விற்றுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் 1962இல் முதற் குடிகள் வந்து சேர்ந்த டிரொண்டன் என்ற ஊர், மூன்றே ஆண்டுகளில், 1965இல், லங்காஸ்டர் விமானம் ஒன்றின் சுழல்விசிறியை ஊர் நடுவில் நிறுத்தி நினைவுச்சின்னம் ஆக்கியது. ஒவ்வோர் ஆண்டும் மே 4ஆம் திகதி மாலை ஊரவர் அங்கே கூடி மௌனமாக நிற்கிறார்கள். அயல் வயல்வெளிகளில் விமானம் விழுந்த இடங்கள் சிலவற்றின் அருகே சிறு தூண்களும் நடப்பட்டுள்ளன. இன்ன விமானம், இன்ன நாள், அதில் இருந்தவர்கள் இன்னார் என்று அவை சொல்கின்றன.

பெயரைச் சரியாகக் கண்டுபிடிப்பது எளிய வேலை அல்ல. 2008இல் அங்குள்ள ஏரியில் படகொன்றின் நங்கூரத்தில் விமானத் துண்டு ஒன்று சிக்கியது. அது எந்த விமானத்தினுடையது என்று முதலில் தவறாகவே கணித்தார்கள். சிகரெட் பெட்டியொன்றில் பொறித்திருந்த முதலெழுத்துகள் உண்மையைக் காட்ட உதவின. 1943 மார்ச்சில் பேர்லினைத் தாக்கிவிட்டுத் திரும்பும்போது எழுவரோடு மறைந்த விமானம் அது. 2020இல் அதனை மேலே எடுத்தார்கள். 77 ஆண்டுகளின் பின்னும் அந்தக் குடும்பங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருந்தது.

குண்டு போட்டவனுக்குமா?

இனி முதற் கேள்விக்கு வருவோம். 1943 யூலையில் இத்தகைய விமானங்கள் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரை எரித்தன. இறந்தவர்களில் 36,000க்கும் மேற்பட்டோர் ஓல்ஸ்டோர்வ் மயானத்தில் சிலுவை வடிவான பொதுப் புதைகுழியில் அடக்கம் செய்யப்பட்டார்கள். ஒவ்வொருவரின் பெயரையும் எழுத முடியவில்லை. ஆகவே அவர்கள் வாழ்ந்த பகுதிகளின் பெயர்களை மரச் சட்டங்களில் செதுக்கி, புதைகுழியின் மேல் வைத்தார்கள். அதே மயானத்தின் இன்னொரு பகுதியில் பிரித்தானிய விமானிகளின் கல்லறைகளும் இருக்கின்றன. கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒரே மண்ணில் கிடக்கிறார்கள்.

எனவே, நினைவுக்கல் என்பது செய்த செயலுக்குப் புகழ்மாலை அல்ல. "இந்த இடத்தில், இந்த நாளில், இந்த மனிதர் இறந்தார்" என்ற உண்மைக்குச் சாட்சி, அவ்வளவே. குண்டு விழுந்ததையும் அது மறைக்காது. விமானத்தில் இருந்தவன் ஒரு தாயின் பிள்ளை என்பதையும் மறைக்காது. மன்னிப்பதா இல்லையா என்பது வேறு கேள்வி. பெயரை எழுதுவதற்கு அந்த விடை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

எமது ஊர்களில்

2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்தை விட்டு வெளியேறியவர்கள், தமது காணியில் ஒரு பகுதி விடுவிக்கப்படும் என்ற அறிவித்தலைக் கேட்க 2017 வரை காத்திருந்தார்கள். 1990 ஒக்ரோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் அதைவிட நீண்ட காலம் காத்திருந்தன. இவ்வளவு காலத்தில் ஊரை அறிந்த முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். யார் வீடு எங்கே இருந்தது, எந்தப் பிள்ளை எந்தப் பாதையில் விழுந்தது என்பதை அறிந்தவர்கள் அவர்களே. கல் எழுப்பக் காலம் கனியாவிட்டாலும், எழுதி வைக்கும் வேலையை இன்றே தொடங்கலாம்.

• ஒரு கொப்பி எடுங்கள். இறந்தவரின் முழுப்பெயர், வயது, ஊர், தாய் தந்தையர் பெயர், இறந்த நாள், இடம் ஆகியவற்றை வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். நாள் சரியாகத் தெரியாவிட்டால், எந்தப் போகம், எந்தத் திருநாளுக்கு முன் அல்லது பின் என்றாவது குறியுங்கள்.

• ஒரே செய்தியை இருவரிடமாவது கேட்டுச் சரிபாருங்கள். பிறந்த திகதியையும் பெயரின் சரியான எழுத்தையும் அறிய, கோவில்களின் பதிவேடுகளும் பாடசாலை இடாப்புகளும் உதவும்.

• எவரையும் விட்டுவிடாதீர்கள். எந்தச் சமயம், எந்தப் பக்கம், வெளியூரான் என்று பார்த்துப் பெயரை நீக்கினால் அது ஊரின் நினைவு ஆகாது. பெயர் வேண்டாம் என்று ஒரு குடும்பம் சொன்னால் அதையும் மதியுங்கள்.

• கொப்பியை மூன்று பிரதியாக்கி மூன்று இடங்களில் வையுங்கள். மீண்டும் ஓட நேர்ந்தாலும் ஒன்றாவது தப்பும்.

• உழும்போதோ கிணறு வெட்டும்போதோ வெடிபொருள் போன்ற எதையும் கண்டால் தொடவேண்டாம். வேலையை நிறுத்தி, பிள்ளைகளை அகற்றி, உடனே பொலிசாருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். மனித எலும்பு கண்டாலும் அப்படியே. இடத்தை மாற்றினால் பெயரைக் கண்டுபிடிக்கும் வழி அடைபட்டுவிடும்.

தம் அணைகளை உடைத்த படையின் விமானிகள் கிடந்த மண்ணில் வால்கெரன் கமக்காரர் கோதுமையும் உருளைக்கிழங்கும் விளைவித்தார்கள். நிலத்தை ஏற்றுக்கொண்டவன் அந்த நிலத்தில் கிடப்பவர்களையும் ஏற்றுக்கொள்கிறான். வேறு எவருடைய காணியிலோ தற்காலிகமாகக் குடியிருக்கும் எமக்கும், எமது காணியில் வேறு எவரோ குடியிருப்பதைப் பார்த்திருக்கும் எமக்கும், இது இலகுவான சொல் அல்ல. ஆயினும் ஒரு கொப்பியும் பேனையும் எந்த முகாமிலும் கிடைக்கும்.