பேயைவிட அம்மா இடுப்பு பெரிது

2011-இல் வந்த ‘காஞ்சனா’வில் ராகவா லாரன்ஸ், இருட்டினால் அம்மா கோவை சரளாவின் இடுப்பில் தாவி ஏறும் பயந்தாங்கொள்ளி. பிறகு ஆவி புகுந்து, சேலை கட்டி, நடையும் குரலும் மாறி வீட்டையே மிரட்டுகிறார்.

ஒரே கூச்சல், மிகை நடிப்பு என்று விமர்சகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். திருநங்கை காஞ்சனாவாக வந்த சரத்குமாருக்கோ பாராட்டு குவிந்தது. தியேட்டரில் குழந்தைகள் சிரித்தது லாரன்ஸுக்குத்தான்.

அந்த மிகை வீண் இல்லை. முதல் பாதியில் அவர் அவ்வளவு நடுங்கியதால்தான், பின்னால் நிமிர்ந்து நிற்கும்போது நமக்கு உதறுகிறது. தெருக்கூத்து பார்த்து வளர்ந்த ஊருக்கு உரத்த நடிப்பு புதிதா என்ன?

2020-இல் லாரன்ஸே இந்தப் படத்தை இந்தியில் ‘லக்ஷ்மி’யாக இயக்கினார். நாயகன் அக்‌ஷய் குமார். விமர்சகர்கள் பெரும்பாலும் கைவிரித்தார்கள். கதை அதேதான். தமிழ்ப் படத்தைத் தாங்கியது லாரன்ஸும் சரளாவும்தான்.