உழைக்க மனமில்லாதவர் யார்?



விவிலியத்தை ஒருநாளும் திறந்திராதவர்களுக்கும் தெரிந்த வசனம் ஒன்று உண்டு: உழைக்காதவர் உண்ணக்கூடாது என்பது. கடவுளை ஏற்காத சோவியத் நாடே 1936ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் பிரிவில் இக்கருத்தை எழுதி வைத்தது. நம் பகுதியில் நடவுக் காலம் வந்தால் இது தவறாமல் காதில் விழும். நூறு நாள் வேலை வந்தது, ஆளெல்லாம் சோம்பேறியாகிவிட்டது, புனித பவுலே சொல்லியிருக்கிறாரே என்று கோவில் வாசலிலேயே பேசிக்கொள்கிறோம்.

பவுல் சொன்னதை முழுதாகப் பார்ப்போம். தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் 3:10இல் அவர் குறிப்பிடுவது வேலை கிடைக்காதவரை அல்ல, உழைக்க மனமில்லாதவரை. ஆண்டவரின் நாள் வந்துவிட்டது என்ற பேச்சால் கலங்கிப்போயிருந்த திருச்சபை அது. அங்கே சிலர் வேலை எதுவும் செய்யாமல், பிறர் காரியங்களில் தலையிட்டுக்கொண்டு திரிந்தார்கள். அவர்களைத்தான் பவுல் கண்டிக்கிறார். கண்டிக்கும் தகுதியும் அவருக்கு இருந்தது. கொரிந்தில் அக்கிலா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தவர் அவர். தெசலோனிக்காவிலும் எவருக்கும் சுமையாகாமல் இரவும் பகலும் பாடுபட்டார்.

விவிலியம் சோம்பலைப் பாராட்டவில்லை. நீதிமொழிகள் நூல் சோம்பேறியை எறும்பிடம் பாடம் படிக்க அனுப்புகிறது. ஆனால் விடுதலைப் பயணம் 5ஆம் அதிகாரத்தில், பாடுபடும் மக்களைப் பார்த்துச் சோம்பேறிகள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது யார்? பார்வோன்! செங்கல் அறுக்க வைக்கோல் தராமல், எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது என்ற பார்வோன். அந்தச் சொல் நம் வாயில் வரும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்துக்கு வருவோம். மாலை ஐந்து மணிக்கும் வெளியே நிற்பவர்களிடம், ஏன் நாளெல்லாம் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்கிறார். எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர் அதை அப்படியே நம்புகிறார். கடைசியில் வந்தவருக்கும் ஒரு தெனாரியம் என்பது நம்மை உறுத்துகிறது. அந்த நம்பிக்கை நம் கண்ணில் படுவதே இல்லை.

சேத்தியாத்தோப்பைச் சுற்றி இன்று அறுப்பு இயந்திரம் ஒரு ஏக்கரை ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. முன்பு அரிவாளோடு வரிசையாக இறங்கியவர்களுக்கு அந்த நாட்களின் கூலி போயிற்று. இயந்திரம் கூடாது என்று நாம் சொல்லவில்லை. விவசாயியின் கஷ்டமும் தெரிந்ததுதான். ஆனால் அறுப்புக்கு வேண்டாம் என்று விட்டவர்களையே நடவுக்கு வரவில்லை என்று ஏசுகிறோம்.

நூறு நாள் வேலைக்கான சட்டம் 2005இல் வந்தது. 2006 பிப்ரவரியில் முதல் கட்டமாகத் தொடங்கிய 200 மாவட்டங்களில் நம் கடலூரும் ஒன்று. கேட்ட 15 நாளுக்குள் வேலை, செய்த வேலைக்கு 15 நாளுக்குள் கூலி என்று அது எழுதியது. மோசேயின் சட்டம் அத்தனை நாள்கூடத் தரவில்லை. பொழுது சாயும்முன் கூலியைக் கொடுத்துவிடவேண்டும் என்கிறது இணைச்சட்டம் 24:15. அவர் ஏழை, அதையே நம்பியிருக்கிறார் என்று காரணமும் சொல்கிறது. பிடித்துவைத்த கூலி ஆண்டவரின் காதில் கூக்குரலிடுகிறது என்று எழுதும் யாக்கோபு (5:4), குறிப்பாக வயலை அறுத்தவர்களின் கூலியைச் சொல்கிறார்.

இது கரும்பு விவசாயிக்குப் புரியாத வேதனை அல்ல. ஆலையில் கரும்பை இறக்கிய 14 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. அந்தப் பணம் தள்ளிப்போனால் கடைக்காரரிடமும் வங்கியிலும் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றவர்கள் நம் பங்கிலேயே உண்டு. அதே கரும்பை வெட்டிக் கட்டிய கூலியாளும் தன் கடைக்காரரிடம் அப்படித்தான் நிற்கிறார்.